வால் நுனிப் புண் ஆற மறுப்பது ஏன்?

வளர்ப்பு விலங்குகள் பகுதிக்கு வந்த கடிதங்களில், நாயின் வாலில் ஏற்பட்டு ஆறாமல் இழுத்துக்கொண்டிருக்கும் புண்களைப் பற்றியவை இந்த இதழில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன. கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் ஆண் நாய்க்கு நான்கு வயது ஆகிறது. வால் நுனியில் சிறு கீறலாகத் தொடங்கிய புண் இரண்டு மாதங்களாக ஆறவில்லை. பொருக்குத் தட்டி ஆறிவிட்டது என்று நிம்மதி அடையும்போது மறுபடியும் இரத்தம் கொட்டுகிறது. சுவரெல்லாம் இரத்தத் துளிகள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினோம். மருந்துக் கடையில் வாங்கிய களிம்பும் போட்டோம். வேறு என்ன மருந்து போடலாம்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மருந்து போதாததால் இந்தப் புண் ஆறாமல் இருப்பதாகத் தோன்றவில்லை, ஆறத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது மீண்டும் அடிபடுகிறது. ஆகவே இன்னொரு களிம்பைத் தேடுவதற்கு முன்னால், அந்த வால் நாள்தோறும் எங்கே மோதுகிறது என்பதைக் கவனித்துக் கண்டுபிடியுங்கள். குட்டை முடியும் நீண்டு கனத்த வாலும் கொண்ட நாய்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை. லாப்ரடார், கிரேட் டேன், டால்மேஷியன் ஆகிய இனங்களிலும், நம் ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களிலும் இதைப் பார்க்கிறோம். வீட்டார் வாசலில் காலெடுத்து வைத்ததும் மகிழ்ச்சி தாளாமல் வாலைச் சுழற்றும் நாய்க்கு, அதன் நுனி சுவரிலும் கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் இடிபடுவது அந்த நேரத்தில் உறைப்பதே இல்லை. குறுகிய நடைக்கூடம் உள்ள அடுக்குமாடி வீடுகளிலும், கம்பிக் கூண்டில் அடைத்து வளர்க்கப்படும் நாய்களிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

வால் நுனியின் அமைப்பும் புண் ஆறுவதற்குச் சாதகமாக இல்லை. நாயின் வாலில் பொதுவாக ஏறத்தாழ 20 சிறு எலும்புகள் கோத்தாற்போல் அமைந்துள்ளன. நுனியை நோக்கிப் போகப் போகத் தசை குறைந்துகொண்டே வந்து, கடைசி எலும்புகளின் மேல் மெல்லிய தோல் மட்டுமே போர்த்தியிருக்கும். வயிற்றிலோ விலாவிலோ புண் வந்தால் சுற்றிலும் உள்ள தளர்ந்த தோல் சுருங்கி வந்து பள்ளத்தை மூடிவிடும். வால் நுனியில் அப்படி இழுத்துவரத் தோல் கிடையாது. புண்ணில் முதல் சில நாட்கள் வீக்கமும் நீர்க்கசிவும் இருக்கும். பிறகு சிவந்த புதுச் சதை எழும். அதன் மேல் ஓரங்களிலிருந்து புதுத்தோல் மெல்ல மெல்லப் படர்ந்து வரும். அவ்வாறு மூடிய தோலுக்கு மூன்று வாரங்கள் கழிந்த நிலையிலும் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். ஆறிவிட்டது என்று கட்டை அவிழ்த்த மறுநாளே ஒரே ஓர் அடியில் புண் திறந்துகொள்வதற்கு இதுதான் காரணம். நுனிவரை இரத்தக் குழாய்கள் செல்வதாலும், ஆட்டும் வேகத்தில் இரத்தம் நாலாபுறமும் விசிறப்படுவதாலும், இழப்பு சிறிதாக இருந்தாலும் காட்சி பயங்கரமாகத் தெரிகிறது. மெல்லிய சுத்தமான துணியால் நுனியை ஐந்து முதல் பத்து நிமிடங்கள் இடைவிடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் இரத்தம் நின்றுவிடும். இடையிடையே துணியை எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடியும் தொடங்கும் என்பதால், பொறுமையாகப் பிடித்திருக்க வேண்டும்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் நல்ல எண்ணத்தோடு செய்தவைதான். ஆனால் திறந்த புண்ணில் அப்பிய மஞ்சள்தூள் இரத்தத்தோடு கலந்து அடையாகக் கெட்டியாகி, அடியில் சீழ் பிடிப்பதை மறைத்துவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்புதான். சொறி, படை என்று சொன்னதும் எடுத்துக் கொடுக்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் உள்ளன. அவை அரிப்பையும் சிவப்பையும் உடனே தணிக்கும். அதே நேரத்தில் புதுச் சதை எழுவதையும் தோல் படர்வதையும் தடுக்கும். அந்தக் களிம்பின் உறையில் இந்தப் பெயர்கள் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியைக் கொல்லும்போது புதிதாக எழும் சதையையும் சேர்த்தே பொசுக்குகின்றன, அவையும் வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் 9 கிராம் உப்பைக் கரைத்தால் அதுவே புண்ணைக் கழுவுவதற்கு ஏற்ற நீர். பொவிடோன் அயோடின் கரைசலைப் பயன்படுத்துவதானால், பாட்டிலில் இருக்கும் அடர்த்தியோடு ஊற்றாமல், வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர்க்கச் செய்து கழுவ வேண்டும். கழுவி, காஸ் துணியால் ஒற்றி, கட்டுப் போட வேண்டும். நாய் வாலை நக்காமலும் கடிக்காமலும் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு கட்டாயம் தேவை. வளர்ப்பு விலங்குக் கடைகளில் கோன் என்றோ இ-காலர் என்றோ கேட்டால் கிடைக்கும். நாய் பாவமாகப் பார்க்கிறதே என்று இரவில் கழற்றிவிடுகிறவர்கள் பலர் உண்டு. ஒரே இரவில் நக்கியே பல நாட்களில் எழுந்த புதுச் சதையை நாய் அழித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு மாதங்கள் கடந்துவிட்டதால், வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல் மூன்று சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முதலாவது வால் நுனியின் எக்ஸ்ரே. கிருமி தோலைத் தாண்டி எலும்பைத் தொட்டுவிட்டால், மேலே எத்தனை மருந்து போட்டாலும் அடியிலிருந்து சீழ் வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டாவது இரத்தப் பரிசோதனை. உண்ணியால் பரவும் எர்லிக்கியா நோய் நம் பகுதியில் பரவலாக உள்ளது. அது இரத்தம் உறைவதற்குத் தேவையான தட்டணுக்களைக் குறைத்துவிடுவதால், சிறு அடிக்கும் இரத்தம் நிற்காமல் போகலாம். சர்க்கரை நோயும் தைராய்டு சுரப்புக் குறைவும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். மூன்றாவது, புண்ணிலிருந்து மாதிரி எடுத்து எந்தக் கிருமி, அதற்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை. ஆன்டிபயாடிக் மாத்திரைகளை இரண்டு நாள் கொடுத்து நிறுத்தி, பிறகு வேறொன்று வாங்கிக் கொடுப்பதுபோல் கேடானது வேறில்லை.

சுவரைப் பொறுத்தவரை, நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது நாய் எங்கே நின்று வரவேற்கிறது என்று பாருங்கள். அந்த இடம் குறுகலாக இருந்தால், முதல் சில நிமிடங்கள் அதைப் பொருட்படுத்தாமல் பேசாதிருந்து, பரபரப்பு அடங்கிய பிறகு திறந்த வெளியிலோ பெரிய அறையின் நடுவிலோ கொஞ்சுங்கள். படுக்கும் இடத்தைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்துங்கள். இது மனத்துக்குச் சற்றுக் கடினமாக இருக்கும். ஆயினும் மருந்தைவிட இதுவே புண்ணை விரைவில் ஆற்றும்.

கேள்வி: வலியால் நாய் முனகுகிறது. நாம் சாப்பிடும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கூடாது. பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலைப் பாதிக்கும். இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் குறைந்த அளவிலேயே இரைப்பையில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. நாய்களுக்கென்று மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் உள்ளன. உடல் எடையைப் பார்த்து, சிறுநீரகம் நலமாக இருக்கிறதா என்பதை அறிந்து, மருத்துவர் அளவு குறித்துக் கொடுக்க வேண்டியவை அவை. ஏற்கெனவே ஏதேனும் கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வலி மருந்துகள் ஒன்றின் மேல் ஒன்று சேர்வது பேராபத்து.

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாயின் வாலில் கட்டுப் போட்டால் அரை மணி நேரத்தில் உதறி எறிந்துவிடுகிறது. இறுக்கிக் கட்டினால் வால் வீங்குகிறது. நழுவாமல் கட்டுவதற்கு வழி உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்டு. வால் நுனி குறுகி, அடி பருத்து இருப்பதால் புண்ணை மட்டும் சுற்றிய கட்டு நுனிப்பக்கமாகத்தான் நழுவும். இறுக்கத்தை நம்பாமல், நீளத்தையும் பிடிமானத்தையும் நம்ப வேண்டும். புண்ணைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, பாரஃபின் தடவிய காஸை முதலில் வைத்தால் கட்டை எடுக்கும்போது புதுச் சதை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வராது. அதற்கு மேல் பஞ்சு மெத்தை போல் மெல்லிய அடுக்கு. அதற்கு மேல் நுனியிலிருந்து அடியை நோக்கிச் சுற்றும் மென்மையான துணிக்கட்டு. இந்தக் கட்டு, புண்ணுக்கு மேலே குறைந்தது ஒரு சாண் தூரமாவது ஏறியிருக்க வேண்டும். பிறகு நீளவாக்கில் இரண்டு மூன்று பிளாஸ்திரிப் பட்டைகளை, பாதி கட்டின் மேலும் பாதி வால் முடியின் மேலும் இருக்குமாறு ஒட்டி, அவற்றின் மேல் ஏணிப்படியாக ஒரு சுற்றுப் பிளாஸ்திரி போட்டால் கட்டு முடியோடு பிணைந்து நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் நுனியில் விழும் அடியைத் துணிக்கட்டால் தாங்க முடியாது. ஏசி பொருத்துபவர்கள் செப்புக் குழாயின் மேல் மாட்டும் கறுப்பு நுரைக்குழாய் இதற்கு மிகவும் ஏற்றது. மின்பொருள் கடைகளில் அடிக்கணக்கில் வாங்கலாம். வாலைவிடச் சற்று அகலமானதாக எடுத்து, நுனியைத் தாண்டி இரண்டு விரல் அளவு நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டி, காற்றுப் போகச் சில துளைகள் இட்டு, மேல் முனையில் மட்டும் பிளாஸ்திரியால் முடியோடு ஒட்டுங்கள். சிறிய நாய்களுக்குப் பெரிய ஊசிக்குழலின் உலக்கையையும் முனையையும் நீக்கி, ஓரத்தை வழவழப்பாக்கிப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் அடி பலமாக விழும் நாய்க்குக் கெட்டியான பிளாஸ்டிக்கைவிட நுரையே நல்லது.

நீங்கள் கண்ட வீக்கம் அபாய அறிகுறி. கட்டுக்கு மேலோ கீழோ வீங்கினாலும், நுனி சில்லிட்டாலும், நாற்றம் வந்தாலும், கட்டு நனைந்தாலும், உடனே அவிழ்த்துவிட வேண்டும். தொடக்கத்தில் நாள்தோறும், கசிவு குறைந்தபின் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையும் கட்டை மாற்றலாம். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. கட்டு நழுவக்கூடாது என்று ரப்பர் பேண்டு மாட்டுவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அது முடிக்குள் புதைந்து இரத்த ஓட்டத்தைத் தடுக்க, அதற்குக் கீழுள்ள வால் முழுவதும் கறுத்து அழுகிப்போகும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் விளையாட்டாக மாட்டியிருக்கிறார்களா என்றும் முடியை விலக்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் உள்ள நாயின் வால் அடியில் பெரிய புண் உண்டாகிப் புழு வைத்துவிட்டது. டர்பன்டைன் ஊற்றினால் புழு செத்துவிடும் என்று சிலரும், பினாயில் ஊற்றச் சொல்லிச் சிலரும் கூறுகிறார்கள். எது சரி? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: இரண்டும் சரியல்ல. டர்பன்டைன் புழுக்களை வெளியே வரச் செய்வது உண்மைதான். ஆனால் பச்சைச் சதையை எரித்து, நாய்க்குத் தாங்க முடியாத வேதனையைத் தந்து, அது நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. பினாயிலும் மண்ணெண்ணெயும் அதைவிடக் கொடியவை. பாச்சை உருண்டைப் பொடியை வைப்பதும் சில ஊர்களில் வழக்கமாக உள்ளது, அதுவும் நஞ்சு. ஈ முட்டையிட்ட ஒரு நாளுக்குள்ளேயே புழுக்கள் வெளிவந்துவிடும். நம் நாட்டில் காணப்படும் ஒருவகை ஈயின் புழு, செத்த சதையோடு நில்லாமல் உயிருள்ள சதையையே குடைந்து தின்னும். வெளியே தெரியும் துளை சிறியதாக இருந்தாலும் தோலுக்கு அடியில் குகைபோல் விரிந்திருக்கும். வால் அடியிலிருந்து ஆசனவாயை நோக்கி அது பரவினால் உயிருக்கே ஆபத்து. எனவே அன்றைக்கே சிகிச்சை கிடைக்க வேண்டும்.

மருத்துவர் முடியைச் சிரைத்து, இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, உப்புநீரால் குகையின் ஆழம்வரை கழுவி, எஞ்சியவை சாவதற்கு எடைக்கேற்ற மாத்திரையோ ஊசியோ கொடுப்பார். ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று எண்ணாமல் மறுநாளும் பார்க்க வேண்டும். புழு முழுவதும் நீங்கிவிட்டால், பார்க்கவே அஞ்சும்படி இருந்த பள்ளமும் நல்ல சதை எழுந்து மூடிவிடுவதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறோம். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். வலியில் இருக்கும் நாய், உங்கள் கையால் தினமும் சோறு தின்ற நாயாக இருந்தாலும் கடிக்கும். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத தெரு நாய் என்பதால் வெறிநோய் அச்சமும் உண்டு. கையுறை இல்லாமல், வாயைக் கட்டாமல், தனியாகப் புண்ணைத் தொடாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பத்து வயது. எதிலும் அடிபடவில்லை, அதுவே வாலைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறது. கோன் மாட்டினால் ஆறுகிறது, கழற்றினால் மறுபடியும் கடிக்கிறது. (வாசகர், வேலூர்)

பதில்: கோன் மாட்டினால் ஆறுகிறது என்று நீங்கள் கவனித்திருப்பது மிகவும் பயனுள்ள செய்தி. புண்ணுக்கு ஆறும் சக்தி இருக்கிறது. கடிக்கத் தூண்டும் காரணம் வேறெங்கோ இருக்கிறது. வாலின் அடிப்பகுதியைக் கடிக்கும் நாய்களில் முதலில் தேட வேண்டியது தெள்ளுப்பூச்சி. ஒவ்வாமை உள்ள நாய்க்கு மிகச் சில பூச்சிகளின் கடியே தாங்க முடியாத அரிப்பைத் தந்துவிடும். முடியைச் சீப்பால் வாரி ஈரமான வெள்ளைத் துணியில் தட்டினால், பூச்சியின் எச்சம் செம்பழுப்பாகக் கரைந்து காட்டிக்கொடுக்கும். அடுத்து, ஆசனவாயின் இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகள் அடைத்து வீங்கியிருக்கலாம். தரையில் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டு நகர்வது அதற்கு அறிகுறி.

உங்கள் நாயின் இனத்தையும் வயதையும் பார்க்கும்போது, இடுப்பு முதுகெலும்பின் கடைசிப் பகுதியில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்பதை நான் முக்கியமாகச் சோதிக்கச் சொல்வேன். பெரிய ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இது காணப்படும் நோய். வாலுக்குச் செல்லும் நரம்புகள் அழுத்தப்படும்போது அங்கே எரிச்சலோ மதமதப்போ தோன்றி, நாய் அதைக் கடிக்கிறது. எழுந்திருக்கச் சிரமப்படுகிறதா, மாடிப்படி ஏறத் தயங்குகிறதா, வாலை முன்போல் உயர்த்துவதில்லையா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கடிக்கும் இடத்தில் கட்டியோ மேடோ தென்பட்டால், புற்று இல்லை என்று உறுதிசெய்யச் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதங்களாகக் கட்டுப் போட்டும் எங்கள் கிரேட் டேனின் வால் நுனி ஆறவில்லை. எக்ஸ்ரேயில் கடைசி எலும்பு அரித்திருப்பதாகச் சொல்லி, வாலின் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். வீட்டில் யாருக்கும் மனம் ஒப்பவில்லை. வால் இல்லாவிட்டால் நடை தடுமாறாதா? (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. அழகுக்காகக் குட்டிகளின் வாலை நறுக்கும் வழக்கத்தை நான் முற்றிலும் எதிர்ப்பவன். ஆனால் உங்கள் மருத்துவர் சொல்வது அதுவன்று. எலும்பு அரித்துவிட்ட நிலையில், மாதக்கணக்கில் மருந்து கொடுத்தாலும் அந்த எலும்பு பழையபடி ஆவது அரிது. கிருமி மேலுள்ள எலும்புகளுக்குப் பரவினால் பிறகு எடுக்க வேண்டிய நீளமும் கூடும். மூன்று மாத வேதனை, கோன், தொடர்ந்து ஆன்டிபயாடிக் என்று அந்த நாய் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், அறுவைச் சிகிச்சையே அதற்கு இரக்கம் காட்டும் வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

ஓடும்போது திரும்பவும் நீந்தும்போது திசை மாற்றவும் வால் ஓரளவு துணைசெய்வது உண்மை. எனினும் வீட்டில் வளரும் நாய் அது குறைந்தாலும் வெகு விரைவில் பழகிக்கொள்கிறது. நடையும் ஓட்டமும் இயல்பாகவே இருக்கும். மற்ற நாய்களுக்குத் தன் மனநிலையைக் காட்டுவதற்கு வால் பயன்படுவதால் அதில் சிறு குறை ஏற்படலாம். உங்களிடம் அன்பைக் காட்ட அதற்குக் காதும் கண்ணும் உடல் முழுவதும் இருக்கின்றன.

மருத்துவரிடம் நீங்கள் பேச வேண்டியது எவ்வளவு நீளம் எடுப்பது என்பதைப் பற்றித்தான். பாசத்தால், புண் இருக்கும் நுனியை மட்டும் எடுங்கள் என்று பலர் கெஞ்சுகிறார்கள். நீளமான வால் மிச்சமிருந்தால் அதன் புதிய நுனியும் அதே சுவரில் மோதி, இரண்டாவது அறுவைக்கு வழிவைக்கும். கிரேட் டேன் போன்ற பெரிய நாய்க்கு, மீண்டும் இடிபடாத அளவுக்குக் குட்டையாக, நல்ல தோலும் தசையும் உள்ள இடத்தில் எடுப்பதே நல்லது. முழு மயக்கத்தில், இரண்டு எலும்புகளுக்கு இடையேயுள்ள மூட்டில் பிரித்து, தோலை எலும்பின் மேல் தளர்வாக மூடித் தைப்பார்கள். தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் தையல் விட்டுவிடும். முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்து, தட்டணுக்கள் போதுமான அளவு உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுத்த பகுதியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதும் நல்லது.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை கோன் கழற்றக்கூடாது, வால் நனையக்கூடாது, நடை வாரில் கட்டித்தான் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். தையல் இடத்தில் லேசான வீக்கம் இயல்பு. நாற்றமோ சீழோ தையல் விடுவதோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தையல் பிரித்த பிறகும் ஓரிரு வாரங்களுக்குக் கோனை வைத்திருந்து, நீங்கள் அருகில் இருக்கும் நேரத்தில் மட்டும் கழற்றிப் பார்த்து, நக்காமல் இருக்கிறது என்று உறுதியான பின்பு முழுமையாக விட்டுவிடலாம்.